ஹோல்டன் கால்ஃபீல்ட் லட்சியவாதியா, வெறும் புலம்பல்காரனா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 9

ஜே. டி. சாலிங்கரின் 'தி கேட்சர் இன் த ரை' நாவலை ஒருவழியாகப் படித்து முடித்தேன். இதை ஏன் இவ்வளவு தூக்கிவைத்துப் பேசுகிறார்கள் என்று புரியவில்லை. கதையைச் சொல்கிற ஹோல்டன் நியூயார்க்கில் வசதியான வீட்டுப் பையன், அப்பா பெரிய வக்கீல். நாலு பாடத்தில் பெயிலாகி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னாலேயே பள்ளியைவிட்டு அனுப்பப்படுகிறான். வீட்டுக்குப் போகப் பயந்து ஹோட்டலில் தங்கிப் பணத்தைக் கரைக்கிறான். பார்க்கிற எல்லோரையும் போலி, போலி என்று திட்டுகிறான். இவனைப் போய் நொறுங்கிப்போன லட்சியவாதி என்கிறார்கள். அப்படி என்ன லட்சியம் அவனுக்கு? யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

அவன் வாயை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்.

பென்ஸி பள்ளியில் அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் கோட்டு கேட்கிறான். சரி என்கிறான் ஹோல்டன். ஸ்ட்ராட்லேட்டர் வெளியே கூட்டிப்போகப் போவது ஜேன் கலஹரை என்று அப்புறம்தான் தெரிகிறது. ஜேன் இவன் மனதில் இருக்கிற பெண். அப்போதும் கோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. அது போதாதென்று அவனுக்காகக் கட்டுரையும் எழுதிக்கொடுக்கிறான்.

அதற்கு முந்தைய பள்ளியில் ஜேம்ஸ் காஸில் என்று ஒரு பையன். அதிகப் பழக்கம்கூட இல்லை. வந்து ஸ்வெட்டர் கேட்டான், கொடுத்துவிட்டான். இன்னொரு அறைத்தோழன் டிக் ஸ்லாகிளிடம் இருந்தவை மலிவான பெட்டிகள். அவனுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று தன்னுடைய உயர்ந்த தோல்பெட்டிகளை ஹோல்டன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தான். சிற்றுண்டிக்கடையில் பார்த்த இரண்டு கன்னியாஸ்திரிகளுக்குப் பத்து டாலர். தங்கை ஃபீபிக்கு ஓர் இசைத்தட்டு. கடைசியில், தன் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு வேட்டைத்தொப்பியும் அவளுக்கே.

அந்த மூன்று நாளில் அவன் கையில் எதுவும் தங்குவதில்லை. வாயால் எல்லோரையும் உதறித்தள்ளுகிறவன், கையால் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். லட்சியவாதி என்று சொல்ல எனக்கு இதுதான் காரணம். போலிகளைத் திட்டுவது யாராலும் முடியும்.

ஜூன் 10

"அப்பா சம்பாதித்த பணம், அள்ளிக்கொடுப்பதில் என்ன பெருமை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஆனால் அந்தக் கேள்வி ஹோல்டனுக்கே இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் காட்சியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவர்கள் சாப்பிடுவது டோஸ்டும் காபியும். இவன் முன்னால் பன்றி இறைச்சியும் முட்டையும். அந்தத் தட்டு அவனை உறுத்துகிறது. பக்கத்தில் ஒருவர் வெறும் டோஸ்ட் தின்னும்போது தனக்கு மட்டும் இவ்வளவு எதற்கு என்று தோன்றிவிடுகிறது. அவர்கள் போனபிறகு பத்து டாலர் குறைச்சல் என்று வருத்தப்படுகிறான். வசதியில் பிறந்தவன்தான், ஆனால் அந்த வசதி அவனுக்கு ஒருநாளும் இயல்பாக இருப்பதில்லை. பணம் எப்படியும் கடைசியில் மனதைக் கெடுத்துவிடும் என்று சொல்கிறவன் அவன்.

பெட்டி விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. அவன் ஒளித்துவைத்த பெட்டிகளை ஸ்லாகிள் மறுபடி எடுத்து மேலே வைக்கிறான், அவை தன்னுடையவை என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று. ஹோல்டன் அதற்காகக் கோபப்படவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கமுடியாமல் போனதற்குத்தான் வருந்துகிறான்.

ஜூன் 10, மாலை

காலையில் எழுதியதை யோசித்துக்கொண்டே வேலை பார்த்தேன். இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

கொடுக்கத் தெரிந்த இந்தப் பையனுக்கு வாங்கத் தெரியாது. ஏழாம் அத்தியாயத்தில் பெட்டி கட்டும்போது அம்மா அனுப்பிய புது ஸ்கேட்டிங் காலணிகள் கண்ணில் படுகின்றன. அவள் அனுப்பியது ஹாக்கி ஆடுகிற ரகம், இவன் கேட்டது பந்தயத்துக்கான ரகம். அம்மா கடைக்காரரிடம் நின்று என்னென்னவோ கேள்வி கேட்டு வாங்கியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறான். தான் மறுபடி பள்ளியிலிருந்து துரத்தப்படுவதை நினைக்கிறான். யார் பரிசு கொடுத்தாலும் கடைசியில் தனக்குத் துக்கமாகத்தான் முடிகிறது என்கிறான்.

இது குணக்கேடு இல்லை. தனக்குத் தகுதி இல்லை என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டவனின் பேச்சு. எதனால் அப்படி முடிவு கட்டினான் என்பதற்கு நாவலில் பதில் இருக்கிறது. அதை இன்னொரு நாள் நிதானமாக எழுதுகிறேன்.

ஜூன் 12

எனக்கு இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டவருக்கு.

நான் படித்தது ஓர் உறைவிடப் பள்ளி. பெயர் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு முடிகிற சமயத்தில், பன்னிரண்டில் பெயிலாகக்கூடும் என்று தோன்றுகிற பையன்களின் பெற்றோரை வரவழைத்து மாற்றுச்சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று விளம்பரம் போடவேண்டும் இல்லையா. என் பக்கத்துக் கட்டில் பையனுக்கும் அப்படித்தான் ஆனது. கணக்கு வராது. ஆனால் விடுதியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிற்பது அவன்தான்.

அவன் அப்பா வருவதற்கு முந்தின இரவு தன் சாமான்களையெல்லாம் பங்கு பிரித்துக் கொடுத்தான். கொசுவலை ஒருவனுக்கு, டார்ச் ஒருவனுக்கு, வாளியும் மக்கும் எனக்கு. "வீட்டுல இதெல்லாம் எதுக்குடா" என்றான். அழவில்லை. வார்டனைத் திட்டினான், தலைமையாசிரியரைத் திட்டினான், எங்கள் எல்லோரையும் பயந்தாங்கொள்ளிகள் என்று திட்டினான். திட்டிக்கொண்டே கொடுத்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது நாங்கள் யாரும் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுக்கவேண்டும் என்றே தோன்றவில்லை. பின்னாளில் கல்லூரி நூலகத்தில் ஹோல்டனைப் படித்தபோது, தட்டச்சு இயந்திரத்தை இருபது டாலருக்கு விற்றுவிட்டு நடுராத்திரியில் தாழ்வாரத்தில் நின்று எல்லோரையும் மடையர்கள் என்று கத்திவிட்டுக் கிளம்புகிற இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. ஹோல்டனைப் புலம்பல்காரன் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்த இரவுதான் ஞாபகம் வரும்.

ஜூன் 13

சரி, இப்போது அல்லி.

ஹோல்டனின் தம்பி. 1946 ஜூலை 18 அன்று ரத்தப் புற்றுநோயில் இறந்தான். அவனுக்கு 11 வயது, ஹோல்டனுக்கு 13. அன்று இரவு ஹோல்டன் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே படுத்துக்கிடந்து, அதன் கண்ணாடிகளையெல்லாம் கைமுஷ்டியால் உடைத்தான். கை முறிந்து மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்குக்குக்கூட அவனால் போகமுடியவில்லை. இந்தத் தகவலை அவன் எங்கோ போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவான். விட்டுவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் அடியில் இன்னும் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. பதினான்காம் அத்தியாயத்தின் தொடக்கம். மெய்ன் மாநிலத்தில் ஒரு கோடையில் ஹோல்டனும் பாபி ஃபாலன் என்கிற நண்பனும் சைக்கிளில் ஏரிக்கரைக்குக் கிளம்புகிறார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு, விளையாட்டுத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு. அல்லி நானும் வருகிறேன் என்கிறான். நீ சின்னப் பையன், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான் ஹோல்டன். அவ்வளவுதான். எந்த அண்ணனும் எந்தத் தம்பியிடமும் சொல்கிற வார்த்தை. அல்லி கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இப்போது 16 வயதில், ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து, மனசு தாழ்ந்துபோகும்போதெல்லாம் அவன் வாய்விட்டுச் சொல்கிறான்: சரிடா, போய் உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாபி வீட்டு முன்னால் வந்து நில்.

பரிசு வாங்கும்போது ஏன் துக்கம் வருகிறது என்று கேட்டேன் அல்லவா. என் பதில் இதுதான். கேட்ட எல்லோருக்கும் கொடுத்தவன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை இல்லை என்று சொன்னான். கேட்டவன் செத்துப்போனான். அதன் பிறகு யார் கோட்டு கேட்டாலும், ஸ்வெட்டர் கேட்டாலும், கட்டுரை கேட்டாலும் அவனால் மறுக்க முடிவதில்லை.

ஜூன் 13, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதை அனுப்பிய பிறகு 25ஆம் அத்தியாயத்தைத் திறந்தேன். ஹோல்டன் மேற்கே எங்காவது போய்விடுவது என்று முடிவு செய்து, விடைபெறுவதற்காக ஃபீபியை அருங்காட்சியகத்துக்கு வரச் சொல்கிறான். அவள் அந்தச் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறாள். நானும் உன்னோடு வருகிறேன் என்கிறாள்.

அல்லி கேட்டதும் இதைத்தான். முதலில் ஹோல்டனின் பதிலும் பழைய பதில்தான். முடியாது, வாயை மூடு. அவளுக்கு அழுகை வருகிறது. தொப்பியைக் கழற்றி அவன் முகத்திலேயே வீசுகிறாள். பத்து வயதுப் பெண்ணைக் கூட்டிப்போக முடியாது, அது அவனுக்குத் தெரியும். விட்டுவிட்டுப் போகவும் இந்த முறை முடியவில்லை. அதனால் பயணத்தையே கைவிடுகிறான்.

நாவலில் அவன் எடுக்கிற ஒரே பெரிய முடிவு அது. ஓடிப்போகாமல் நின்றது.

ஜூன் 14

பணம் பற்றி ஒன்று விட்டுப்போனது. அருங்காட்சியகத்துக்கு வரச் சொன்னதற்கு முந்தின இரவு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஃபீபியின் அறைக்கு வந்தவன் அவளிடம் கடன் கேட்கிறான். அவள் தன் கிறிஸ்துமஸ் காசு முழுவதையும் இருட்டில் அவன் கையில் வைத்து அழுத்துகிறாள். எட்டு டாலர் அறுபத்தைந்து சென்ட். கொஞ்சம் போதும் என்கிறான், அவள் கேட்பதில்லை. உடைந்துபோய் அழுகிறான். நாவல் முழுக்க அழுதுவிடுவேன் போலிருந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் அப்படி அடக்கமுடியாமல் அழுவது அங்கேதான். கொடுப்பவனாகவே வாழ்ந்தவனுக்கு வாங்குகிற நிமிடம் எவ்வளவு பெரியது பாருங்கள். உடனே கோட்டுப் பையில் கைவிட்டுத் தொப்பியை எடுத்து அவளிடம் கொடுத்துவிடுகிறான். வெறுங்கையோடு வாங்கிக்கொண்டு போக இன்னும் பழகவில்லை.

ஜூன் 15

ஹோல்டனின் பழைய ஆசிரியர் அன்டோலினி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஃபீபியிடமிருந்து கிளம்பி அன்று இரவு ஹோல்டன் தங்கப் போவது அவர் வீட்டில்தான். அவர் தூங்குகிற பையனின் தலையைத் தடவியது எந்த எண்ணத்தில் என்று நாவல் தீர்ப்புச் சொல்லவில்லை. ஹோல்டனும் பதறி ஓடிவிட்டு, அப்புறம் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று குழம்புகிறான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஜேம்ஸ் காஸில், சொன்ன சொல்லை வாபஸ் வாங்கமாட்டேன் என்று நின்றவன். ஆறு பேர் அறையைப் பூட்டிக்கொண்டு அவனைக் கொடுமைப்படுத்தினார்கள். ஜன்னல் வழியாகக் குதித்துச் செத்தான், உடம்பில் ஹோல்டனின் ஸ்வெட்டர். எல்லோரும் சுற்றி நிற்க, ஒருவர் மட்டும் நாடி பிடித்துப் பார்த்து, தன் கோட்டைப் போர்த்தி, ரத்தம் படுவதைப் பொருட்படுத்தாமல் தூக்கிக்கொண்டு போனார். அவர்தான் அன்டோலினி.

ரை என்கிற தானிய வயலின் ஓரத்தில் நின்று, பள்ளத்தில் விழப்போகிற குழந்தைகளைப் பிடிப்பதுதான் ஹோல்டனின் கனவு. விழுந்தபிறகு ஒருவனைத் தூக்கியவர் அன்டோலினி. அந்த இரவில் ஹோல்டன் அவர் வீட்டுக்குப் போவது வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

லட்சியத்துக்காகச் சாக நினைப்பது பக்குவமில்லாதவன் செயல், அதற்காகப் பணிவாக வாழ நினைப்பது பக்குவப்பட்டவன் செயல் என்ற உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ஸ்டெகெலின் கருத்தை அவர் ஒரு தாளில் எழுதிக்கொடுக்கிறார். ஹோல்டன் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். எதையும் கையில் தங்கவிடாதவன் வைத்துக்கொண்ட ஒரு பொருள்.

ஜூன் 17

"1951இல் ஒரு பணக்காரப் பையனுக்கு இவ்வளவு துக்கம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டவருக்கு, எழுதியவரின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஜே. டி. சாலிங்கர் 1919இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் யூட்டா கடற்கரையில் இறங்கிய அமெரிக்கப் படைகளோடு இருந்தார். அதன் பிறகு ஹூர்ட்கன் காட்டுச் சண்டை. போர் முடிந்த 1945இல் மனம் தளர்ந்து நியூரம்பர்க்கில் மருத்துவமனையில் சேர்ந்தார். ஹோல்டன் போருக்கு முன்பே அவரிடம் பிறந்துவிட்டான். ஹோல்டன் வரும் கதை ஒன்றை 'நியூயார்க்கர்' இதழ் 1941இலேயே ஏற்றுக்கொண்டது. பேர்ல் ஹார்பர் தாக்குதலால் ஒதுக்கிவைக்கப்பட்டு, 1946இல்தான் அது அச்சானது.

இடையில் 1945இல் 'எஸ்குவயர்' இதழில் இன்னொரு கதை. அதில் ஹோல்டன் போரில் காணாமல் போய்விட்டவன். அவன் அண்ணன் வின்சென்ட் என்கிற ராணுவ வீரர், ஜார்ஜியாவில் கொட்டும் மழையில் ஒரு லாரியில் உட்கார்ந்து தம்பியை நினைத்துத் தவிக்கிறார். அதாவது முதலில் ஹோல்டன், அண்ணன் தேடுகிற தம்பி. ஆறு வருடம் கழித்து நாவலில் அவனே தம்பியைத் தேடுகிற அண்ணன். நாவலில் போர் அநேகமாக இல்லை. ஆனால் இளைஞர்கள் செத்துக்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த மனிதர்தான், விழுகிற குழந்தைகளைப் பிடிக்க ஒருவன் ஓரத்தில் நிற்கவேண்டும் என்று எழுதினார். இதைத் தெரிந்துகொண்டபின் அந்தக் கனவை விடலைப்பையன் பேத்தல் என்று என்னால் தள்ளமுடியவில்லை.

ஜூன் 17, இரவு

மழை என்று எழுதியதும் இன்னொன்று பிடிபட்டது. நாவலில் மழை எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன்.

கையை உடைத்துக்கொண்டதைச் சொல்லும்போது, மழை பெய்தால் இன்னமும் வலிக்கிறது, முஷ்டியை இறுக்கி மடக்கமுடியாது என்கிறான்.

இருபதாம் அத்தியாயத்தில் அல்லியின் கல்லறை. பெற்றோரோடு போயிருக்கும்போது மழை கொட்டுகிறது. வந்திருந்தவர்கள் எல்லோரும் ஓடிப்போய்க் காரில் ஏறி, ரேடியோவைப் போட்டுக்கொண்டு, நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போகிறார்கள். அல்லியைத் தவிர எல்லோரும். அதை அவனால் தாங்கமுடியவில்லை.

கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் குடைராட்டினம். ஃபீபி மரக்குதிரையில் சுற்றுகிறாள். ஏறுவதற்கு முன் அவன் பையிலிருந்து தொப்பியை எடுத்து அவன் தலையிலேயே வைத்துவிடுகிறாள். மழை வலுக்கிறது. அம்மாக்களும் அப்பாக்களும் கூரைக்குக் கீழே ஓடுகிறார்கள். ஹோல்டன் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நனைந்தபடியே உட்கார்ந்திருக்கிறான், அப்படி ஒரு சந்தோஷத்தோடு.

கல்லறையில் தம்பியை மழையில் விட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். இங்கே அவன் ஓடவில்லை. தலையில் இருப்பது அவனே கொடுத்து அவனிடமே திரும்பிவந்த பொருள். இந்த முறை அதை மறுக்கவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இத்தனை வருடம் படித்தும் இந்த இரண்டு மழையையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. இந்த இழையில் எழுதப்போய்த்தான் கிடைத்தது. கேள்வி கேட்டவருக்கு நன்றி.

ஜூன் 19

1980இல் ஜான் லெனனைச் சுட்டவன் கையில் இந்தப் புத்தகம் இருந்ததை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மைதான். ஆனால் ஹோல்டனால் முஷ்டியைக்கூட மடக்கமுடியாது. யாரையும் அடிக்கத் தனக்குத் தைரியம் போதாது என்று வெளிப்படையாகச் சொல்கிறவன். பள்ளிச் சுவரில் யாரோ எழுதிய கெட்ட வார்த்தையைச் சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று கையாலேயே அழிக்கிறவன். அந்தக் கொலைகாரன் இவனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டான் என்றே தெரியவில்லை.

திரைப்படம் உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை. சாலிங்கர் 2010இல் இறக்கும்வரை உரிமை தரவே இல்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அவன் பேசுவதும் செய்வதும் வேறுவேறு என்பது அவன் குரலிலேயே கேட்டால்தான் தெரியும்.

ஜூன் 22

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "தாராளமானவன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடைராட்டினத்தில் குழந்தைகள் தங்க வளையத்தைப் பிடிக்கக் கை நீட்டும்போது, விழுந்தால் விழட்டும், தடுக்கக்கூடாது என்று விட்டுவிடுகிறானே. லட்சியம் அங்கேயே தோற்றுவிட்டதே?" என்கிறார்.

பாதி தோற்றது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். எல்லோரையும் பிடிக்கமுடியாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சுவரில் ஒரு வார்த்தையை அழித்தால் இன்னொரு சுவரில் அதையே கத்தியால் செதுக்கியிருக்கிறார்கள், அதை அழிக்கமுடியவில்லை. ஆனால் விழுந்தால் விழட்டும் என்று சொன்னவன் எழுந்து போகவில்லையே. பெஞ்சிலேயே இருக்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான். முன்பு அவன் பிடிக்க நினைத்தது முகம் தெரியாத ஆயிரக்கணக்கான குழந்தைகளை. இப்போது ஒரே ஒருத்திக்காக, பெயர் தெரிந்த ஒருத்திக்காக உட்கார்ந்திருக்கிறான். அன்டோலினி எழுதிக்கொடுத்ததை அவன் தெரிந்தே செய்தானா என்று கேட்டால், தெரிந்து செய்யவில்லை. ஆனால் செய்தது அதுதான்.

அவனோடு நாடகம் பார்க்க வந்த தோழி சாலி ஹேய்ஸிடம் அவன் நடந்துகொண்ட விதத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளை அழவைத்துவிட்டுச் சிரிக்கிறான், அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதைப் பற்றி யாராவது தனியாக ஒரு கேள்வி போடுங்கள், அங்கே பேசலாம். அதற்குள் 14ஆம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தையும் 25ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்துவிடுங்கள்.